விளமீன் குழம்புக்குத் தோதான பீர்

வீட்டுப் பின்வாசலில் ஒரு தகரத் தொட்டி. தொட்டி நிறைய ஈரமணல். மணலுக்குள் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி மூன்று பீர் பாட்டில்கள்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்திருந்தோம். ஸ்டெல்லா, நீ வெள்ளைக் கவுனைக்கூட மாற்றாமல் தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து அந்த மூன்று கழுத்துகளையும் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அப்போது ஏழு வயது. தம்பி அமலன் தூளியில் கிடந்தான்.

"யப்பா, இது மொளைக்குமா?"

"மொளைக்காது. தள்ளிப் போ."

"பொறவு எதுக்கு நட்டு வச்சிருக்கீங்க?"

அடுக்களை வாசலில் நின்ற உங்கள் அம்மா சொன்னாள்: "நல்லாக் கேளுட்டி. நானும் அதத்தான் கேக்கேன்."

மூன்று வருஷமாக எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு பாட்டில் உள்ளே வந்ததில்லை. அன்றைக்கு மூன்று வந்திருந்தது, வருஷத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்தது போல.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று யோசித்தேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே எழுதுங்கள் என்றுதான் பத்திரிகைக்காரர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணாச்சியின் மனக்குறை

பேட்டையில் நான் வேலை பார்த்த வார்ப்புப் பட்டறையின் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். நெற்றி நிறையத் திருநீறு. அவர் வீட்டில் முட்டை ஓடுகூடக் கிடையாது. குரலை உயர்த்தாத மனிதர்.

பட்டறையில் நாங்கள் வார்க்கும் தண்ணீர்ப் பம்பு உறைகளைச் சோதித்து எடுக்க கல்கத்தாக் கம்பெனியிலிருந்து பானர்ஜி சார் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். கெட்டியான ஆள். சரக்கைப் பார்த்து முடிக்கும் வரை பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். குறை இருந்தால் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வாரம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"சூசை, இங்கன வாரும். பானர்ஜி திங்கக்கிழமை வாராரு."

"வரட்டும் அண்ணாச்சி. சரக்கு ரெடியா இருக்கு."

"சரக்க யாரு வே கேட்டா? சாப்பாட்டச் சொல்லுதேன்."

போன தடவை வேலை முடிந்ததும் அண்ணாச்சி அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய் விருந்து போட்டிருந்தார். சாம்பார், அவியல், சொதி, இரண்டு பாயசம். அவரும் சிரித்த முகமாகச் சாப்பிட்டார். அன்று சாயங்காலமே ஜங்ஷன் பக்கம் ஒரு தள்ளுவண்டிக் கடையில் பொரித்த மீனை நின்றுகொண்டே அவர் தின்றதைக் கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டார். ஒரு வருஷமாக அது அண்ணாச்சியின் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

"என் வீட்டு இலையில கை நனைச்ச மனுசன் வெளிய போயி நின்னுக்கிட்டுத் திங்காருன்னா, நான் அவரப் பட்டினியால்லா போட்டிருக்கேன்."

"அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி."

"அப்படித்தான். இந்தத் தடவ போன்ல நானே கேட்டுட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னாரு. நல்ல மீன் குழம்பு. அதுக்குத் தோதான பீரு. வேற ஒண்ணும் வேண்டாம்னாரு. தோதானன்னா என்ன வே? பீருல வகை உண்டுமா?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"உமக்குத் தெரியாமலா? நீரு வேதக்காரரு, அதுலயும் கடக்கரைக்காரரு. உங்க கோயில்ல பூசைக்கே திராட்ச ரசந்தான?"

"அது சாமியார் மட்டுந்தான் குடிப்பாரு."

"அப்போ சாமியாருகிட்ட கேட்டுச் சொல்லும்."

கேலி இல்லை. உண்மையாகவே சொன்னார். நான் திரும்பி நடந்தபோது மறுபடி கூப்பிட்டார்.

"இன்னொண்ணு. பீர இலைக்கு எந்தப் பக்கம் வைக்கணும்? ரசத்துக்கு முன்னாலயா, மோரு எடத்துல கடைசியிலயா?"

நானும் அதை வீடு வரை யோசித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். தப்பாக வைத்துவிட்டால் அந்த மனிதர் மறுபடியும் தள்ளுவண்டிக்குப் போய்விடுவாரே.

ஏன் முடியாது என்று சொல்லவில்லை

ஸ்டெல்லா, உனக்கு நாலு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. கண் இரண்டும் மஞ்சள் அரைத்து அப்பியது போல இருந்தது. அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

நான் எங்கே இருந்தேன் என்று எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன். பேட்டையில் ஒரு சாராயக் கடைக்குப் பின்னால் கிடந்தேன். ஆள் வந்து எழுப்பிச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று நேர்ந்துகொண்டேன். "மாதாவே, இவ எந்திரிச்சு, வளந்து, புதுநன்மை வாங்குத வரைக்கும் நான் குடிக்க மாட்டேன்." நீ எழுந்தாய். அன்று தொட்டு நானும் தொடவில்லை. பானர்ஜி சார் வரவிருந்த அந்த வாரத்தில், நீ முதல் தடவையாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஞானோபதேச வகுப்புக்கு அப்போதுதான் போக ஆரம்பித்திருந்தாய்.

நேர்ந்ததை வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தால் பலன் போய்விடும் என்பது எங்கள் கடற்கரைப் பேச்சு. அதனால் அண்ணாச்சிக்குத் தெரியாது. மரியாதைக்காரர், முதல் முறையாக என்னிடம் ஒன்று கேட்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டேன். பீர் வாங்கத்தானே போகிறோம், குடிக்கவா போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முன்னாட்களிலும் நான் பீர் குடித்ததில்லை. அது துரைமார் குடிப்பது என்று நினைப்பு. ஆகவே எனக்கும் அண்ணாச்சிக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

கடைக்காரர் சிரித்தார்

பிராந்திக் கடையில் போய் நின்றபோது மூன்று வருஷம் கழித்து மாமனார் வீட்டுக்கு வந்தவன் போலக் கூச்சமாக இருந்தது.

"லைட்டா, ஸ்ட்ராங்கா, கறுப்பா?" என்றார் கடைக்காரர்.

"மீன் குழம்புக்கு எது?"

அவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். "கேட்டீரா வே? இத்தன வருசமாக் கடை வச்சிருக்கேன். ஊறுகா கேப்பான், சுண்டல் கேப்பான். குழம்பச் சொல்லிப் பீரு கேக்குத மொத ஆளு இவருதான்." பிறகு என்னிடம், "என்ன மீனுன்னு சொல்லும், யோசிக்கலாம்."

"விளமீன்."

"விளமீனா?" உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். "எனக்குப் பிடிபடல. மூணுலயும் ஒண்ணு கொண்டு போம்."

செய்தித்தாளில் சுற்றி, கேரியரில் கட்டி, கோயில் ஆட்கள் கண்ணில் படாமல் பின்தெரு வழியாகக் கொண்டுவந்தேன். ஐஸ் கிடைக்கவில்லை. பட்டறையில் சூடு இறங்காத இரும்பை ஈரமணலில் ஆற வைப்போம். அதே ஞாபகத்தில் பாட்டில்களையும் மணலில் புதைத்தேன்.

மாதிரி வார்ப்பு

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய அச்சில் இரும்பை ஊற்றும் முன்னால் சின்னதாக ஒன்று ஊற்றிப் பார்ப்போம். உடைத்து, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. எனக்கு எதையும் அப்படிச் செய்துதான் பழக்கம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரிச் சாப்பாடு. திங்கட்கிழமை அசல்.

குழம்பு நான்தான் வைத்தேன். எங்கள் ஊரில் கடலுக்குப் போகிற ஆண்கள் எல்லோருக்கும் குழம்பு வைக்கத் தெரியும். மண்சட்டி. சின்ன உள்ளியும் சீரகமும் தேங்காயும் அம்மியில் விழுதாக. புளியை இரண்டு தடவை கரைத்து, இரண்டாவது கரைசலை மட்டும் கடைசியில் விட வேண்டும். மீனைப் போட்ட பிறகு கரண்டி விடக் கூடாது. சட்டியின் கழுத்தைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, கிள்ளிய கறிவேப்பிலை. அந்த வாசம் வந்தால் பக்கத்து வீட்டுப் பேச்சுக்கூட நின்றுவிடும்.

ருசி பார்க்க உங்கள் மாமா மரியானைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்திருந்தேன். தோணி வேலை பார்ப்பவன். நாலு துறைமுகம் கண்டவன். சோறும் குழம்பும் போட்டு முன்னால் மூன்று பாட்டிலையும் வைத்தேன்.

"ஏலே, ஒவ்வொண்ணுலயும் ஒரு வாய் குடி. குழம்ப ஒரு வாய் தின்னு. எது சேருதுன்னு சொல்லு."

"ஒரு வாயில எப்படி அத்தான் தெரியும்?" என்று ஸ்ட்ராங்கைக் கிட்டத்தட்ட முழுசாகக் குடித்தான். "நல்லாருக்கு."

கறுப்பைக் குடித்தான். "இதும் நல்லாருக்கு."

"ரெண்டுல எதுலே?"

லைட்டில் முக்கால்வாசி போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், நீங்க ரொம்ப நல்லவரு. இத எங்கக்காட்ட நான் பல தடவ சொல்லிருக்கேன்."

அப்படியே முருங்கை மரத்தடியில் சாய்ந்து தூங்கிவிட்டான். அத்தோடு சோதனை முடிந்தது. எனக்கு ஒரு விவரமும் கிடைக்கவில்லை. மறுநாள் அசல். மூன்று பாட்டிலின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அது புத்தியா புத்திகேடா என்று சொல்லத் தெரியவில்லை. குடிக்கத்தானே கூடாது? மூன்று கிண்ணத்தில் குழம்பை எடுத்தேன். கிண்ணத்துக்கு ஒரு வகை பீர், ஒரு கரண்டி. அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டேன். சோற்றில் பிசைந்து தின்றேன்.

கறுப்பு விட்டது தீய்ந்த கருப்பட்டிப் பாகு போல இருந்தது. ஸ்ட்ராங் விட்டதில் கசப்பு முன்னால் வந்து புளியை மிதித்தது. லைட் விட்டது வேறு. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போல லேசாக ஒரு வாசம். அதற்குப் பின்னால் தேங்காய் எழுந்து வந்தது. குழம்பு குழம்பாகவே இருந்தது, ஆனால் இன்னும் ஒரு வாய் கேட்டது. கிண்ணத்தை விரலால் வழித்துத் தின்றேன். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்.

நிமிர்ந்தால் உங்கள் அம்மா நிற்கிறாள்.

"என்ன பண்ணுதீங்க?"

"குடிக்கல ரோசலி. ஒரு கரண்டி குழம்புல விட்டுக் கொதிக்க வச்சேன்."

"அப்போ தின்னீங்க."

"ஆமா."

"குடிக்க மாட்டேன்னு நேந்தீங்க. திங்க மாட்டேன்னு நேரல."

"அதத்தான் நானும்..."

"அப்போ நாளைக்குச் சாராயத்துல இட்லிய முக்கித் தருதேன். திங்கீங்களா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கொதித்தால் போதை போய்விடும் என்றேன். போய்விடுமா என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன். கிண்ணம் மூன்றையும் அவளே கழுவினாள்.

திங்கட்கிழமை

விடிந்து எழுந்தபோது உனக்கு உடம்பு கொதித்தது.

இமையை விரித்துப் பார்த்தேன். மஞ்சள் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. வாசலில் தூக்கிப்போய் வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிச்சமே மஞ்சளாகத்தான் இருந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"நான் போகல. ஆள் அனுப்பிச் சொல்லிருதேன்."

"போங்க. அந்த மனுசரு பட்டினியாப் போக வேண்டாம். நான் இவளப் பாத்துக்கிடுதேன்."

எப்படிக் குழம்பு வைத்தேன் என்று தெரியாது. கை வைத்தது. பட்டறையில் மர அச்சுகள் அடுக்கியிருக்கும் அறையைக் கூட்டி, மேசை போட்டு இலை விரித்திருந்தார்கள். அண்ணாச்சி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அப்படியும் இலையில் உப்பைத் தம் கையாலேயே வைத்தார். விருந்துக்கு அழைத்தவர் வைக்க வேண்டும் என்பது அவர் முறை. புதிதாக வாங்கி, இந்தத் தடவை ஐஸில் குளிர வைத்த லைட் பாட்டிலை முதலில் இலைக்கு இடப்பக்கம் வைத்தார். பிறகு வலப்பக்கம். பிறகு நேர் எதிரே, சாமிக்கு வைப்பது போல.

பகல் ஒன்றரை இருக்கும். சரக்கு முழுவதும் பார்த்து முடித்துக் கை கழுவிவிட்டு பானர்ஜி சார் வந்தார். ஒரு கோடும் போடவில்லை. சட்டியைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். யார் வைத்தது என்று கேட்டார். அண்ணாச்சி என்னைக் காட்டினார்.

உடனே இன்னொரு டம்ளர் கேட்டார். எனக்கும் ஒரு நாற்காலி. சமைத்தவன் கூட உட்கார்ந்து ஒரு மிடறு குடித்தால்தான் தமக்கும் இறங்கும் என்றார். அண்ணாச்சிதான் எனக்குத் தமிழில் சொன்னார். அதற்குள் பானர்ஜி சார் பாட்டில் மூடியைத் திறக்கச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஒரு வாய் குடிச்சிரும் வே," என்று அண்ணாச்சி என் காதருகே பையச் சொன்னார். "பார்லித் தண்ணிதானங்காங்க. ஆசையாக் கூப்புடுதாரு."

குடிக்கவில்லை என்றால் விருந்துக்கு வந்தவருக்கு அவமானம். ஏன் என்று சொன்னால் நேர்ந்தது வெளியே வந்துவிடும். குடித்தால் வீட்டில் நீ. எதைச் செய்தாலும் தப்பு என்று பட்டது. நேற்றே எல்லாம் கெட்டுவிட்டது என்றால் இன்றைக்குக் குடிக்காமல் என்ன லாபம் என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

"நோ சார்," என்றேன். "டாட்டர். ஃபீவர். சர்ச் ப்ராமிஸ்." அவ்வளவுதான் எனக்கு இங்கிலீஷ்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். சாவியைக் கீழே வைத்தார். பாட்டிலை மேசையின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தம் டம்ளரில் ஊற்றினார். என் டம்ளரிலும் ஊற்றினார். இருவரும் தண்ணீர் குடித்தோம். நாலு தடவை சோறு வாங்கினார். மீன் தலையைச் சத்தம் வர உறிஞ்சினார். எழுந்திருக்கும்போது என் தோளைத் தட்டி அவர் பாஷையில் ஏதோ சொன்னார்.

கை கழுவப் போனதும் அண்ணாச்சி என்னைத் தனியாக இழுத்தார். "பீரத் தொடவே இல்லியே வே. தோதா இல்லியோ?"

"தொறக்கவே இல்லியே அண்ணாச்சி."

"அதான் சொல்லுதேன். பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டாரு." பிறகு குரல் மாறியது. "புள்ளைக்குக் காய்ச்சல்னு எங்கிட்ட ஏன் சொல்லல? கோட்டியா வே உமக்கு? வீட்டுக்கு ஓடும்."

பதினொரு மணி

நீ பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாய். நெற்றி குளிர்ந்திருந்தது. கண் வெள்ளையாக இருந்தது.

"எப்போ விட்டுது?"

"பதினொரு மணி இருக்கும். வேர்த்து ஊத்திட்டு," என்றாள் அம்மா.

நான் வேண்டாம் என்று சொன்னது ஒன்றரை மணிக்கு. அதற்கு முன்னாலேயே காய்ச்சல் போய்விட்டது. அப்படியென்றால் நான் மறுத்ததற்காகப் போகவில்லை. அப்போது தின்றதற்காக வரவும் இல்லையா? வந்தது எதனால், போனது எதனால்? எனக்கு விளங்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் உன் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி கஞ்சி ஊற்றினாள்.

அடுத்த ஞாயிறு, நீ கேட்டாய் என்று மறுபடி விளமீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். எல்லோருக்கும் போட்டுவிட்டு அம்மா தன் தட்டில் சோற்றைப் போட்டு மோரை விட்டாள்.

"மீன எடு."

"வேண்டாம்."

"வயிறு சரியில்லியா?"

"நான் நேந்திருக்கேன். அன்னைக்குப் பதினொரு மணிக்கு. இவ புதுநன்மை வாங்குத வரைக்கும் மீனத் தொட மாட்டேன்னு. கேட்டுட்டீங்க, சொல்லிட்டேன். இனிமக் கேக்காதீங்க."

மீன் இல்லாத நாளில் கருவாட்டைச் சுட்டாவது தின்று வளர்ந்தவள் அவள். நான் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தின்னவன் நான். நீ எதுக்கு?"

"உங்க நேர்ச்ச கெட்டுதா கெடலையான்னு எனக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியல. ரெண்டு பேருக்கும் தெரியாதத நம்பிப் புள்ளைய விட முடியுமா?" என்றாள். "தட்டப் பாத்துட்டு இருக்காம அவளுக்கு முள்ளு எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன்.

அந்த எட்டு மாதமும் ஞாயிறுதோறும் நான் குழம்பு வைத்தேன். எனக்கு உப்பு மட்டும் எப்போதும் பிடிபடாது. அவளிடம்தான் கரண்டியை நீட்டுவேன். பழக்கத்தில் கை நீளும், பாதியில் நினைவு வந்து மடக்கிக்கொள்வேன். அவள் சிரிக்காமல் எழுந்து வந்து சட்டியின் மேல் குனிந்து, ஆவியை முகத்தில் வாங்கி, கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுப்பாள். நெடுநேரம் அப்படியே நிற்பாள்.

"ஒரு கல்லு உப்பு கம்மி," என்பாள்.

ஒரு ஞாயிறும் அது தப்பியதில்லை. வாசம் பிடிப்பது நேர்ச்சையில் சேருமா என்று நானும் அவளிடம் கேட்டதில்லை.